காசியில் ப்ரீ-வெட்டிங் ஷூட்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மாசியில் எனக்குக் கல்யாணம். ஜனவரி கடைசியில் இரு வீட்டாரும் காசிக்குப் போகிறோம். அங்கேயே ப்ரீ-வெட்டிங் ஷூட் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் சொல்கிறார். ஆறு படித்துறை, கங்கா ஆரத்தி, ட்ரோன், எல்லா அனுமதியும் அதிலேயே அடக்கமாம். பாதிப் பணத்தை இப்போதே கேட்கிறார். கட்டலாமா? அப்பா அம்மாவையும் நல்லதாக ஒரு படம் எடுக்க வேண்டும். – ஒரு வாசகி, கோவில்பட்டி

கட்டாதீர்கள். உங்களை யார் படம் எடுக்கப் போகிறாரோ, அவரிடமே பேசும் வரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ஏஜென்ட் காட்டும் ஆல்பம் ஒருவருடையதாக இருக்கும், விடிகாலையில் கேமராவோடு வந்து நிற்பவர் வேறொருவராக இருப்பார். இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்த ஏமாற்று இதுதான். எடுக்கிறவரின் பெயரைக் கேளுங்கள். அவர் காசியில் ஜனவரி மாதத்தில் எடுத்த ஒரு ஷூட்டை முழுசாக அனுப்பச் சொல்லுங்கள். பொறுக்கியெடுத்த பத்துப் படங்கள் போதாது.

ஜனவரி என்று அழுத்திச் சொல்லக் காரணம் பனிமூட்டம். காசியின் படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கைப் பார்த்து இருக்கின்றன. சூரியன் எதிர்க்கரையில் எழுந்து நேராக முகத்தில் விழும். அந்தப் பொன் வெளிச்சத்தைக் காட்டித்தான் பேக்கேஜ் விற்கிறார்கள். ஆனால் ஜனவரியில் ஆறே முக்காலுக்கு உதிக்கிற சூரியன் சில நாள் ஒன்பது மணி வரை கண்ணில் படாது. பயப்பட வேண்டாம், முகங்களுக்குப் பனி வெளிச்சம் மிக மிருதுவானது. அரக்கு, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் எல்லாம் அதில் அழகாகத் தெரியும். வெள்ளையும் சாம்பலும் பின்னணியோடு கரைந்துவிடும். ஒரு காலை கெட்டாலும் இன்னொரு காலை கையில் இருக்கும்படி திட்டமிடுங்கள். ரயிலும் விமானமும் தாமதமாகிற காலம் அது என்பதால், போய் இறங்கிய மறுநாளே ஷூட் வைக்காதீர்கள். தை அமாவாசை எந்த நாளில் வருகிறது என்றும் பாருங்கள். வடக்கே அதை மௌனி அமாவாசை என்பார்கள். பிரயாகையில் முழுகிய கூட்டம் அப்படியே காசிக்கு வரும், படியில் கால் வைக்க இடம் இருக்காது.

ஆறு படித்துறை உங்களுக்கு எதற்கு? ஒரு காலைக்கு இரண்டு போதும். சேத் சிங் படித்துறையின் கோட்டைச் சுவரும், கேதார் படித்துறையின் சிவப்பு வெள்ளைப் பட்டைப் படிகளும் என்றால் நான் சரி என்பேன். மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடுவதால் படிகளில் நிழல்தான் இருக்கும். மாலை வேண்டுமென்றால் படகில் மறுகரை மணலுக்குப் போங்கள், அங்கிருந்து நகரம் முழுவதும் பின்னணியாக நிற்கும். படகுக் கூலியை ஏறும் முன்பே, தலைக்கு எவ்வளவு என்று இல்லாமல் படகுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று பேசி முடியுங்கள்.

ஆரத்தியை ஷூட்டில் சேர்க்க வேண்டாம். ஆரத்தி நடக்கும் தசாஸ்வமேதப் படித்துறையில் அந்த நேரத்தில் நெரிசல். படகுகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஆடிக்கொண்டிருக்கும். போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள்.

இனி அந்த ‘எல்லா அனுமதியும்’. யாருடைய அனுமதி? படித்துறை ஒருவர் பொறுப்பு, கோயில் இன்னொருவர், பழைய அரண்மனை வேறொருவர். எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, கட்டணம் எவ்வளவு என்று எல்லோருக்கும் புரியும்படி ஒரு பலகை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒருமுறை ஒரு எளிய கேள்விக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். இடைத்தரகர் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான். யார் கட்டணம் கேட்டாலும் அச்சடித்த ரசீது கேளுங்கள்.

விசுவநாதர் கோயிலுக்குள் கேமராவும் போனும் கிடையாது. மணிகர்ணிகா, அரிச்சந்திரா இரண்டும் சுடுகாடுகள். ‘ஸ்பெஷல் பர்மிஷன்’ என்று எவர் சொன்னாலும், விறகுக்கு நன்கொடை என்று கேட்டாலும் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். பிறர் துக்கத்தின் முன்னால் மணப்பெண் படம் எடுக்கக் கூடாது. தமிழ் யாத்திரிகர்கள் தங்கும் அனுமன் படித்துறையிலிருந்து கேதாருக்குப் படி வழியாகப் போனால் நடுவே அரிச்சந்திரா வரும். அங்கே கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள்.

ட்ரோன் வேண்டாம். 250 கிராமுக்கு மேலான ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பேக்கேஜ்காரர் அதைக் காட்ட மாட்டார்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. படம் யாருக்குச் சொந்தம்? பொதுவாக எடுத்தவருக்கு. ஆனால் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17 ஒரு விலக்கு வைத்திருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து, நீங்கள் கேட்டுக்கொண்டதால் எடுத்த புகைப்படம் உங்களுக்கே சொந்தம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மட்டும்தான் இது. அந்த ‘இல்லாவிட்டால்’தான் கண்ணி. வாட்ஸ்அப்பில் வருகிற நீண்ட நிபந்தனைப் பட்டியலின் நடுவில் ‘எல்லா உரிமையும் ஸ்டூடியோவுக்கே’ என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் ‘ஓகே’ என்று பதில் போட்டால், ஒப்புக்கொண்டீர்கள் என்று நாளைக்கு அதையே காட்டுவார்கள். அப்புறம் உங்கள் முகம் அவர்கள் விளம்பரத்தில் வந்தால் சண்டை போட வேண்டியிருக்கும். எனவே அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். பணத்தையும் ஏஜென்டிடம் கொடுக்காமல் எடுக்கிறவருக்கே நேராகக் கொடுங்கள். கேட்டது யார், கொடுத்தது யார் என்பதில் குழப்பம் வராது. ‘எங்கள் அனுமதி இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று நீங்களும் ஒரு வரி எழுதி, அவர் சரி என்று சொன்ன பிறகே முன்பணம். அதுவும் பாதி வேண்டாம், கால் பங்கு போதும்.

அப்பா அம்மாவை ஷூட் நாளில் எடுக்காதீர்கள். அந்தப் பரபரப்பில் அவர்கள் துணிமணியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். முந்தின நாள் காலை, கங்கையில் குளித்து, விபூதி பூசி, ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். உங்கள் போனே போதும். இரண்டு படி கீழே இறங்கி, அவர்கள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்.