வாய்தாவுக்கெல்லாம் அப்பாவை அழைத்துப் போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். அப்பா டூவீலரில் போகும்போது சரக்கு வேன் மோதிக் கால் எலும்பு முறிந்தது. கும்பகோணம் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறோம். மாதாமாதம் வாய்தா, போய் நின்றால் அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இப்போது அப்பாவின் சாட்சியத்துக்குத் தை மாதத்தில் தேதி விழுந்திருக்கிறது. அந்த வாரம்தான் சம்பா அறுப்பு. தேதியை மாற்ற முடியுமா? ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வரத்தான் வேண்டுமா?

பதில்: எல்லா வாய்தாவுக்கும் வர வேண்டியதில்லை. இத்தனை நாள் அவரை அலைய விட்டிருக்கவே வேண்டாம். அடுத்த தேதி எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் தேதியும் காரணமும் இரண்டுமே தெரியும். நோட்டீஸ், கவுண்டர் (எதிர்த்தரப்பின் பதில் மனு) என்று இருந்தால் அது வக்கீல் வேலை. வேன் உரிமையாளர் முகவரி மாறி நோட்டீஸ் திரும்பி வரும். புது முகவரி கொடுத்துப் பேட்டா, அதாவது நோட்டீஸ் அனுப்பும் கட்டணம், கட்டினால்தான் மறுபடி போகும். பேட்டா கட்டாமலே இரண்டு மூன்று வாய்தா ஓடிய வழக்குகள் உண்டு. அதை மட்டும் வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்பா நேரில் வர வேண்டியது முக்கியமாக இரண்டு இடத்தில். ஒன்று மருத்துவக் குழு. ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்க்கக் கோர்ட் அங்கே அனுப்பினால், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்துக்கொண்டு சொன்ன நாளில் போய்விட வேண்டும். தவறவிட்டால் மறுதேதி வாங்குவதற்குள் வழக்கு அப்படியே நிற்கும்.

இன்னொன்று நீங்கள் கேட்கும் சாட்சிய நாள். காலை 10.30-க்குக் கோர்ட் ஊழியரான டவாலி வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். உங்கள் வழக்கு வந்ததும் வக்கீல் 'சாட்சி ஆஜர்' என்பார். சரி, இருங்கள் என்று தள்ளிவைப்பார்கள். பட்டியல் முழுக்க கூப்பிட்டு முடித்த பிறகுதான் பெரும்பாலும் கூண்டில் ஏற்றுவார்கள். அதற்குள் மதியமாகிவிடலாம். கால் முடியாதவர், மாத்திரை, சாப்பாடு, உட்கார இடம் பார்த்துக்கொள்ளக் கூட ஒருவர் இருப்பது நல்லது. முதல் விசாரணை, அதாவது அப்பா தன் தரப்பைச் சொல்வது, ஏற்கெனவே எழுதிக் கையெழுத்திட்ட பிரமாண வாக்குமூலமாகவே போய்விடும், எஃப்.ஐ.ஆர்., பில், லைசென்ஸ் எல்லாம் வரிசை எண் போட்டுக் குறியிடுவார்கள். அப்புறம் வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். அன்றைக்கே செய்வார், இல்லை அடுத்த வாய்தா கேட்பார். இரண்டாவது நடந்தால் இன்னொரு முறையும் வர வேண்டியிருக்கும்.

தேதியை மாற்றலாமா? அன்றைக்கு வக்கீல் காரணம் சொல்லி மனு போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம். செலவுத்தொகை கட்டச் சொல்லியும் கொடுக்கலாம். விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம். கோர்ட் வராந்தாவில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று தெரியும்.

என்னைக் கேட்டால் மாற்றாதீர்கள். அறுவடை மிஷின் வரும் நாளும் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கிடைக்கும் நாளும் உங்கள் கையில் இல்லை. மாசியில் தேதி வாங்கினாலும் நெல் களத்தில் கிடக்கலாம். அதுவும் போனால் பங்குனி, அதன்பின் மே மாத விடுமுறை. அதையொட்டி நீதிபதிக்கு இடமாறுதல் வந்தால் மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் வரை இழுக்கும். அறுப்புக்கு வேண்டியது நீங்கள். கூண்டுக்கு வேண்டியது அப்பா. அவரைச் சித்தப்பாவோ மாமாவோ அழைத்துப் போகட்டும், நீங்கள் வயலில் நில்லுங்கள். அவரால் பயணமே முடியாது என்றால் அது வேறு: வீட்டுக்கே அட்வகேட் கமிஷனரை (கோர்ட் நியமிக்கும் வக்கீலை) அனுப்பிச் சாட்சியம் பதியச் சொல்லி, மருத்துவச் சான்றோடு மனு போடலாம். அடுத்த முறை தேதி கொடுக்கும் அந்த நிமிடத்திலேயே வக்கீல் உங்கள் வசதியைச் சொல்லட்டும். நல்ல நேரம் அதுதான். அப்புறம் மனு போட்டு மன்றாட வேண்டியதில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள். கூப்பிட்டு ஆள் இல்லை, வக்கீலும் இல்லை என்றால் வழக்கு டீஃபால்ட்டில், அதாவது ஆஜராகாத காரணத்தால், தள்ளுபடியாகும். 30 நாளுக்குள் மனு போட்டு மீட்கலாம். ஆனால் நஷ்டஈட்டுக்கு மனு போட்ட தேதியிலிருந்து வரும் வட்டியில், தமிழ்நாட்டில் வழக்கமாக 7.5 சதவீதம், அந்தத் தள்ளுபடிக் காலத்தைக் கழித்துவிடுவார்கள்.

சாட்சியம் முடிந்தபின் வாதம், தீர்ப்பு இரண்டுக்கும் அப்பா வேண்டாம். நடுவில் சமரசம் பேசும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) கூப்பிட்டால் போய்ப் பேசிப் பாருங்கள். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்புத் தொகை போதவில்லை என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். உங்கள் வீடு திருவாரூர் மாவட்டம் என்றாலும் வழக்கு தஞ்சை மாவட்டத்தில் உள்ள கும்பகோணம் கோர்ட்டில் நடப்பதால் மேல்முறையீடு சென்னைக்கு அல்ல, மதுரைக் கிளைக்கு. பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். அப்பா பெயரில் உள்ள பாஸ்புக் நகலையும் ஆதார் நகலையும் சாட்சியத்துக்கு வரும் அன்றே குமாஸ்தாவிடம் கொடுத்துவிடுங்கள்.