கடலில் மூழ்கிய மகளுக்கு ஒரு சாளரம்

கேள்வி: இங்கிலாந்தின் கிராமத்து ஆலயம் ஒன்றில், இறந்துபோன இளம்பெண்ணின் நினைவாக ஓவியர் மார்க் ஷகால் வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்தாராமே? யூதரான அவர் கிறிஸ்தவ ஆலயத்துக்கு வேலை செய்தது எப்படி? கண்ணாடியின் மேல் சாயம் பூசித்தான் வரைந்தாரா?

பதில்: நீங்கள் கேட்பது கென்ட் மாவட்டத்து டூட்லி ஆலயத்தைப் பற்றி. 1963இல் ரை கடற்கரைக்கு அப்பால் நடந்த படகு விபத்தில் 21 வயது சாரா மூழ்கி இறந்தார். தந்தை ஹென்றி டி'அவிக்டர்-கோல்ட்ஸ்மிட், நாடாளுமன்ற உறுப்பினர், யூதர். தாய் ஆங்கிலிக்கன் சபையினர். ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனைத் தொழுகைக்கூடத்துக்காக ஷகால் செய்த சாளரங்களை 1961இல் பாரிசுக் கண்காட்சியில் பார்த்துத் தாயும் மகளும் மனம் பறிகொடுத்திருந்ததால், பெற்றோர் அவரையே நாடினர். மெட்ஸ் பேராலயத்துக்கு ஏற்கெனவே சாளரங்கள் செய்துகொண்டிருந்த ஷகாலுக்கு மதம் ஒரு தடையாக இருந்ததில்லை.

கிழக்குச் சாளரம் முழுவதும் நீலம். அடியில் அலைகளுக்கிடையே சாரா மிதக்கிறார். பக்கத்தில் துயருறும் தாய். அங்கிருந்து ஓர் ஏணி மேலே சிலுவையிலுள்ள கிறிஸ்துவை நோக்கிச் செல்கிறது. சிவப்புக் குதிரை ஒன்றும் உண்டு. மரணத்தை மறைக்காமல் கடலையே காட்டிய துணிச்சல்தான், என் பார்வையில், இதை வழக்கமான நினைவுச் சாளரங்களிலிருந்து பிரிக்கிறது.

இதில் நிறம் பெரும்பாலும் கண்ணாடியிலேயே இருக்கிறது. நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய நிறப்படலம் ஒட்டிய தகடுகளை பிரான்சின் ரான்ஸ் நகரக் கைவினைஞர் சார்ல் மார்க் அமிலத்தால் அரித்தார். அரிக்கும் அளவுக்கேற்ப நிறம் வெளிறுமாதலால், ஒரே துண்டில் கருநீலம் முதல் ஏறக்குறைய வெண்மை வரை கிடைத்தது, இடையில் ஈயப்பட்டை தேவைப்படவில்லை. அதன் மேல் முகம், கை, அலை ஆகியவற்றின் கருங்கோடுகளை ஷகால் தம் கையாலேயே தீட்ட, சூளையில் சுட்டு அவற்றைக் கண்ணாடியோடு ஒன்றாக்கினர்.

1967இல் சாளரத்தின் அர்ப்பணிப்புக்கு வந்த ஷகால், ஆலயத்தைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் தாமே செய்வதாகச் சொன்னார், சொன்னபடியே செய்தார். மொத்தம் 12. கடைசி நான்கு பொருத்தப்பட்டது அவர் இறந்த 1985இல்தான். அவற்றுக்கு இடம்விட்ட விக்டோரியா காலக் கண்ணாடிகளையும் ஆலயத்தார் கைவிடாமல், குருவானவரின் உடைமாற்றும் அறையில், பின்னால் விளக்கு வைத்துக் காட்சிப்படுத்தியுள்ளனர்.