சார்ஜிங் கைப்பிடியைத் தொட்டால் நோய் வருமா?

கேள்வி: நான் மின்சாரக் கார் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் பொது சார்ஜிங் நிலையங்களில்தான் சார்ஜ் ஏற்றுகிறேன். அங்குள்ள கைப்பிடியிலும் தொடுதிரையிலும் கழிப்பறை இருக்கையைவிட அதிகமான பாக்டீரியாக்கள் இருப்பதாகப் படித்ததிலிருந்து அவற்றைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. வீட்டில் என் தந்தை புற்றுநோய்க்காகக் கீமோதெரபி எடுத்துவருகிறார். நான் கையுறை அணிந்துகொள்வது நல்லதா, டாக்டர்?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. பலர் தொடும் எந்தப் பரப்பைத் துடைத்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்தாலும் பாக்டீரியாக்கள் முளைக்கவே செய்யும். அவற்றில் பெரும்பாலானவை நம் தோலிலும் மண்ணிலும் இயல்பாக வாழ்பவை. கழிப்பறை இருக்கை வழவழப்பாகவும் உலர்ந்தும் இருக்கிறது, அடிக்கடி கழுவவும் படுகிறது. அதனால் அதைவிட எந்தப் பொருளும் அசுத்தமானதாகத் தோன்றுவது எளிது. எந்தக் கிருமி, எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் நுழைகிறது என்பவற்றைத்தான் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 10 பேரில் 3 பேர் அதைத் தம் மூக்கினுள்ளேயே சுமந்துகொண்டு நலமாக இருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டுக்காயத்திலோ வெடிப்பிலோ புகுந்தால்தான் அது தொல்லை தரும். இன்ஃபுளுயன்சா வைரஸ் பிளாஸ்டிக், எஃகு போன்ற கடினமான பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும். கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை இருந்ததாக 2020இல் ஆய்வக முடிவு வெளியானபோது உலகமே அஞ்சியது. ஆனால் பரப்பை ஒருமுறை தொடுவதால் அந்நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் மதிப்பிட்டது. ஒரு கிருமி பரப்பில் உயிரோடிருப்பதும் அது நோயைத் தருவதும் ஒன்றல்ல. நான் உண்மையில் கவனமாக இருக்கச் சொல்வது நோரோவைரஸைப் பற்றி. கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் இந்த வைரஸ் பரப்புகளில் பல நாட்கள் தங்கும். மிகச் சிறிய அளவே நோயுண்டாக்கப் போதும். ஆல்கஹால் சானிடைசர் இதை முழுமையாக அழிப்பதில்லை, சோப்பும் நீரும்தான் கையிலிருந்து அகற்றும்.

சார்ஜிங் நிலையத்துக்கென்று ஒரு தனி நிலைமை உண்டு. அங்கே கைப்பிடியைச் செருகிய பிறகு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் பலர் அதே கையால் செல்பேசியை எடுக்கிறார்கள், எதையாவது உண்கிறார்கள், கண்ணைக் கசக்குகிறார்கள். கைப்பிடியிலிருந்து உள்ளங்கைக்கு வந்த கிருமி அத்துடன் நின்றுவிட்டால் தீங்கில்லை. வாய்க்கோ மூக்குக்கோ கண்ணுக்கோ போகும்போதுதான் அதற்கு வழி கிடைக்கிறது. ஆகவே கைப்பிடியைச் செருகியவுடன் சோப்பால் 20 நொடிகள் கழுவி, கையை நன்றாக உலர்த்துங்கள்; ஈரக்கை கிருமிகளை எளிதில் கடத்தும். தண்ணீர் இல்லாத இடத்தில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள சானிடைசர் உதவும். சார்ஜ் முடிந்து கைப்பிடியைக் கழற்றிவைத்த பிறகும் இதையே செய்யுங்கள்.

கையுறையை நான் பரிந்துரைக்கவில்லை. கையுறையோடு ஸ்டியரிங்கையும் செல்பேசியையும் தொட்டால் கிருமி அங்கெல்லாம் பரவும். கை சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். கையில் காயம் இருந்தால் அதைக் கட்டுப்போட்டு மூடிக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் துடைக்க விரும்பினால் பிடிக்கும் பகுதியை மட்டும் கிருமிநாசினித் துடைப்பானால் துடையுங்கள். மின் இணைப்பு முனைகளின் மீது எந்தத் திரவத்தையும் தெளிக்காதீர்கள்.

தந்தையைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் வந்ததும் முதலில் கைகழுவுங்கள், செல்பேசியையும் துடையுங்கள். உங்களுக்குச் சளி, காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் அவருக்குச் சமைப்பதையும் அருகில் அமர்வதையும் தவிர்ப்பது, கைப்பிடிக்கு அஞ்சுவதைவிடப் பன்மடங்கு முக்கியம். கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறைவதால், பெரும்பாலும் அவர் குடலிலும் தோலிலும் ஏற்கெனவே வாழும் கிருமிகளே அவரைத் தாக்குகின்றன. ஆகவே அவருக்கு வெப்பநிலை 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவாக இருந்தாலும், வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.