குரங்குக்கு ஒரு நியாயம், பன்றிக்கு ஒரு நியாயமா?

கேள்வி: வணக்கம் வக்கீல் ஐயா. பினாங்கு பாலிக் புலாவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், இரண்டு ஏக்கர் துரியான் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏழு வருடம் ஆகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான். இந்த வருடம் குரங்குக் கூட்டம் வந்து முற்றாத காயையெல்லாம் கடித்துக் கீழே போட்டுவிட்டது. விழுகிற பழத்தை இரவில் காட்டுப்பன்றி தின்கிறது. புக்கிட் மெர்தாஜாம் நண்பர் ஒருவர் ஏர் கன் கொண்டுவந்து என் கொட்டகையில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து சுட்டுத் தருவாராம். பன்றி விழுந்தால் கறியை விற்றுப் பாதிப் பாதி. பூக்காலத்தில் வௌவாலுக்கு வலை கட்டலாம் என்றும் சொல்கிறார். என் மனைவியோ, பன்றி பரவாயில்லை, குரங்கைத் தொட்டால் ஆஞ்சநேயர் சும்மா விடமாட்டார் என்கிறாள். சட்டம் என்ன சொல்கிறது? நாங்கள் செய்யப்போவது தப்பா?

பதில்: வணக்கம். நீங்கள் குரங்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு உங்கள் கொட்டகையில் இருக்கும் துப்பாக்கிதான் முதலில் கண்ணில் படுகிறது.

மலேசியாவில் ஏர் கன் விளையாட்டுச் சாமான் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதுவும் ஆயுதம்தான், லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. நண்பரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் அது அவர் பெயரில் உள்ளது. அவர் புக்கிட் மெர்தாஜாமில் தூங்கும்போது துப்பாக்கி உங்கள் கொட்டகையில், உங்கள் பூட்டுக்குள் கிடந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். லைசென்ஸ் இருந்தால் இன்றே அவரே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதை நீங்கள் காரில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். ஒரு வக்கீலைப் பார்த்து, அவரோடு போலீசுக்குப் போங்கள்.

சரி, இப்போது குரங்கு. உங்கள் மனைவி பிரித்த மாதிரி சட்டம் பிரிக்கவில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது சட்டம் 716இல், கெரா என்கிற நீண்ட வால் குரங்கும் காட்டுப்பன்றியும் ஒரே முதல் அட்டவணையில்தான் இருக்கின்றன. இரண்டும் பாதுகாக்கப்பட்டவை. லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடினால் இரண்டும் குற்றம். பெண் விலங்கு, குட்டி என்றால் தனிப் பிரிவு, தண்டனையும் கூடுதல். வயிற்றில் குட்டி தொங்கும் தாய்க்குரங்கை முப்பது அடி கீழிருந்து இலைகளுக்கு நடுவே பார்த்து, இது ஆண், இது பெண் என்று பிரித்துச் சுட உங்கள் நண்பரால் முடியுமா? 2022இல் சட்டத்தைத் திருத்தி, மிகக் கடுமையான குற்றங்களுக்கு பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 15 வருடம் வரை சிறை என்று ஏற்றிவிட்டார்கள். உங்கள் விஷயம் அந்த உச்சத்துக்குப் போகாது. ஆனாலும் நீதிமன்றங்கள் இந்தச் சட்டத்தை எந்த மனநிலையில் பார்க்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? இல்லை. பயிருக்கும் பழத்துக்கும் கடும் சேதம் செய்யும் பாதுகாக்கப்பட்ட விலங்கை நிலத்தை வைத்திருப்பவர் கொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் விரட்டப் பார்க்க வேண்டும், நியாயமான முயற்சி செய்திருக்க வேண்டும். அது பலிக்காதபோதுதான் அடுத்தது. கொன்றால் அதிகாரிக்கு உடனே சொல்ல வேண்டும். இந்த விலக்கு நிலத்தை வைத்திருப்பவருக்கும் அவரிடம் வேலை செய்பவருக்கும் உரியது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வருகிற நண்பருக்கு இல்லை. கறியை விற்கத் தொடங்கிய நிமிடமே 'என் பயிரைக் காப்பாற்றினேன்' என்ற வாதமும் செத்துவிடும், ஏனென்றால் வனவிலங்கு இறைச்சி வியாபாரத்துக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். காட்டுப்பன்றிப் பிரட்டலின் மீது நம் ஆட்களுக்கு இருக்கும் ஆசை எனக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு அது இல்லாமல் இருந்தது, சொல்லுங்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது தப்பா என்று. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கொல்வதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானே குரங்குகளைக் கொல்கிறது. 2012இல் மட்டும் 97,000க்கு மேல் கொன்றதாகக் கணக்கு வெளியானது. சட்டத்தைத் திருத்திய அதே 2022இல்தான் இந்த நீண்ட வால் குரங்கு இனத்தை அழியும் ஆபத்தில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலிட்டது. அவ்வளவு கொன்றும் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனால் இன்றும் குரங்கு உங்கள் கையில் இருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கும். சோறு போடுகிற கையும் திறந்த குப்பைத்தொட்டியும் இருக்கும்வரை காலியான இடத்துக்கு இன்னொரு கூட்டம் வரும். என்னிடம் வந்த ஒரு தோட்டக்காரர் நான்கைந்து குரங்கைத் தீர்த்தார். அடுத்த வருடம் வேறு கூட்டம் வந்தது, வழக்குச் செலவு மட்டும் மிச்சம்.

அப்புறம், எப்படிச் சாகிறது என்பதும் கேள்விதான். ஏர் கன் குண்டு குரங்கை அந்த இடத்திலேயே கொல்வது அரிது. தாடை உடைந்தோ, கை தொங்கியோ, மரத்துக்கு மரம் தாவிப் போய் மூன்று நாள் கழித்து எங்கோ சாகும். வனவிலங்கைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றம். விஷம் வைத்தால் பக்கத்துத் தோட்டத்து நாயும் சாகும், அதற்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வேறு காத்திருக்கிறது. கண்ணிக்கயிற்றுக்கும் தடை. பன்றிக்கென்று வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். விடியற்காலையில் பழம் பொறுக்க வருகிற மனுஷன் மிதித்துச் செத்தால் அது தண்டனைச் சட்டத்தின் 304A, கவனக்குறைவால் மரணம்.

இப்போது செய்ய வேண்டியது: தவுக்கேயிடம் ஒரு பக்கமாவது குத்தகை எழுதி வாங்குங்கள். முத்திரையும் போடுங்கள். 'நிலம் என் கையில் இருக்கிறது' என்று காட்ட அதுதான் நல்ல வழி. குரங்கு ஏறும் மரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் சுற்றுங்கள். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொட்டால் தகரத்தால் பயனில்லை, கிளையை வெட்டுங்கள். பழத்தைக் கயிற்றில் கட்டி, கீழே வலை விரித்தால் பன்றிக்கு எட்டாது. ஆங் ஹே மாதிரி நல்ல விலை போகும் துரியான் ரக மரங்களில் முதலில் செய்யுங்கள். கடித்துப் போட்ட காயை எல்லாம் தேதியோடு போன் கேமராவில் எடுங்கள். எந்த நாள் பட்டாசு கொளுத்தி விரட்டினீர்கள், எந்த நாள் தகரம் சுற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் நாளைக்கு உங்கள் 'நியாயமான முயற்சி'. அதையும் எடுத்துக்கொண்டு பெர்ஹிலித்தானில் எழுத்தில் புகார் கொடுங்கள். கொல்வதா, பிடிப்பதா என்ற முடிவை அவர்களே எடுக்கட்டும். புகாரை ஏற்றுக்கொண்டதற்கு உங்கள் நகலில் ஒரு சாப் (முத்திரை) வாங்கி வையுங்கள்.

வௌவால் விஷயம்: துரியான் பூ சாயங்காலம் விரிந்து இரவில் தேன் சுரக்கும். அந்த நேரத்தில் மகரந்தத்தை எடுத்துப்போவது பெரும்பாலும் வௌவால்தான். உங்கள் நண்பர் கட்டச் சொல்லும் வலையில் மாட்டப்போவது அடுத்த வருடக் காய்தான்.