உறையின் பின்னால் ஒரு பென்சில் கணக்கு

கேள்வி: அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் செவிலியராக இருக்கிறேன், கணவர் இந்த ஊர்க்காரர். மாமியார் இறந்த பிறகு பரணில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கடிதங்கள் கிடைத்தன. கணவரின் கொள்ளுத்தாத்தாவுடைய தங்கை 1890களில் பாஸ்டனுக்கு வீட்டுவேலைக்குப் போய், அங்கிருந்து எழுதியவை. ஒவ்வோர் உறையின் பின்னாலும் யாரோ பென்சிலால் 2 பவுண்டு, 3 பவுண்டு என்று குறித்திருக்கிறார்கள். கடைசி உறையில் ‘5 பவுண்டு, அம்மாவின் கல்லறைக் கல்’ என்று இருக்கிறது. கடிதங்களை எழுதியவருடைய பேத்தி, எண்பது வயதைத் தாண்டியவர், நகல் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பண்ணை வீட்டில் இருக்கும் கணவரின் அண்ணன், “பங்கு கேட்டு வருவார்கள், பதில் போடாதே” என்கிறார். இரண்டு மாதமாகப் பேத்திக்குப் பதில் போடாமல் இருக்கிறேன். வேற்று நாட்டு மருமகளான எனக்கு இதில் தலையிட உரிமை உண்டா?

பதில்: மாமியாரின் பரணைச் சுத்தம் செய்தபோது உங்களை யாரும் வேற்று நாட்டவர் என்று தடுக்கவில்லை, ஆகவே உரிமைப் பேச்சை விட்டுவிடுவோம். என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்ற அந்தப் பென்சில் கணக்குதான். உறையைப் பிரித்தவர் பணத்தை எடுத்து, தொகையை எழுதி, கடிதத்தை டப்பாவில் போட்டிருக்கிறார். நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள், சகோதரி. எத்தனை பவுண்டு வந்தது என்று எனக்கு எழுதத் தோன்றிய உங்களுக்கு, அந்தப் பெண் உள்ளே என்ன எழுதியிருந்தார் என்று ஒரு வரிகூடச் சொல்லத் தோன்றவில்லை. நீங்களும் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர் என்பதால்தான் இதைக் கடுமையாகச் சொல்கிறேன்.

அந்தக் கிராமங்களில் ‘அமெரிக்கக் கடிதம்’ என்றாலே பணம் வைத்த கடிதம் என்றுதான் பொருள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீடுகள் அதற்காகவே காத்துக் கிடந்தன. நிலம் ஒரு பிள்ளைக்கு மட்டும் போகும்; மற்றவர்கள், அவர்களில் ஆண்களுக்குச் சமமாகத் தனியாகப் போன இளம்பெண்களும், குயின்ஸ்டவுன் போன்ற துறைமுகங்களில் கப்பலேறினார்கள். புறப்படுவதற்கு முந்தைய இரவில், பிணத்தருகே விழித்திருப்பது போல, ஊரே கூடி விடியும்வரை விழித்திருந்தது. அதற்கு ‘அமெரிக்கன் வேக்’ என்றே பெயர். உயிரோடு இருக்கும் மகளுக்குத் துக்கம் காத்து அனுப்பிவைத்தவர்கள், அவள் அனுப்பிய காசில் குத்தகை கட்டினார்கள். 1903ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி குத்தகைக்காரர்கள் அரசுக் கடனில் நிலத்தை வாங்கியபோது, தவணை 68½ ஆண்டுகளுக்கு நீண்டது. அந்தத் தவணைகளில் எத்தனை, பாஸ்டனில் யாரோ ஒருவர் வீட்டுத் தரையைத் துடைத்த கூலி என்று உங்கள் கணவரின் அண்ணன் யோசித்ததுண்டா? அவர் கேட்டு வருவார்கள் என்று அஞ்சும் பங்கு சட்டப்படி செல்லுமா என்பதை வக்கீல் சொல்லட்டும். தங்கையின் உழைப்பில் நிமிர்ந்த வீட்டில் இருந்துகொண்டு அவளுடைய பேத்திக்கு ஒரு காகித நகலை மறுப்பது குடும்பத்துக்கு அடுக்காத செயல் என்பதை நான் சொல்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் அழிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதற்குப் பிந்தையவற்றை அரசே முன்னதாக அழித்துவிட்டிருந்தது. முழுமையாக மிஞ்சியவை 1901, 1911 கணக்குகள் மட்டுமே. அதற்குள் கடிதங்களை எழுதிய இவர் கடல் தாண்டிவிட்டார். 1911 படிவத்தில் மணமான பெண்களிடம் உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். இவருடைய தாய் அப்போது இருந்திருந்தால், அந்த எண்ணிக்கைக்குள் பெயரில்லாத ஒன்றாக இவர் இருப்பார். பிறப்புப் பதிவிலும் ஞானஸ்நானப் பதிவிலும் ஒரு வரி கிடைக்கலாம். பேசுகிற, கவலைப்படுகிற, ஊரை விசாரிக்கிற பெண்ணாக அவர் அயர்லாந்தில் எஞ்சியிருப்பது உங்கள் பிஸ்கட் டப்பாவில் மட்டும்தான்.

ஆகவே, கணவரை அருகில் உட்காரவைத்து முதல் கடிதத்திலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். அந்தக் காலத்திலும் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்துதான் கேட்டார்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், எந்தக் கடிதத்தையும் அதன் உறையிலிருந்து பிரித்து வைக்காதீர்கள். காகிதத்தை மிச்சப்படுத்த, எழுதிய பக்கத்தையே திருப்பிக் குறுக்கே எழுதியிருந்தால் பொறுமையாகப் பாருங்கள். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் இரண்டு வரிசையும் பிரிந்து தெரியும். உறையின் பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். கெர்பி மில்லர் என்ற வரலாற்றாசிரியர் பல பத்தாண்டுகளாகத் திரட்டிய இத்தகைய கடிதங்கள் சுமார் ஏழாயிரத்தை கால்வே பல்கலைக்கழகம் 2024இல் இணையத்தில் திறந்துவைத்தது. உங்களுடையவற்றையும் அவர்களிடம் காட்டலாம். ஆனால் முதல் நகல் பாஸ்டனுக்குத்தான் போகவேண்டும். எண்பது கடந்தவரை இரண்டு மாதம் காக்கவைத்தது தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்டு இன்றிரவே எழுதுங்கள்.

கடைசி உறைக்கு வருகிறேன். ஐந்து பவுண்டு வந்ததைக் குறித்தவர், கல் நட்டதைக் குறிக்கவில்லை. நீங்களும் அதைத் தேடிப் பார்த்ததாக எழுதவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கணவரையும் அவருடைய அண்ணனையும் அழைத்துக்கொண்டு தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கல் இருந்தால் பாசியைச் சுரண்டாமல் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்புங்கள். இல்லையென்றால், இல்லை என்றே எழுதிவிட்டு, அந்தக் கல்லை நடும் செலவைப் பண்ணை வீட்டுக்காரரிடமிருந்து வாங்குங்கள்.