ஓவியர் யான் மத்தேய்கோவின் பணிக்கூடத்தில் பழம்பொருள்கள் ஏன் குவிந்திருந்தன?

அழகுக்காகச் சேர்த்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அவை வரைவதற்குத் தேவையான கருவிகள். போலந்தின் கிராகோவ் நகரில் ஃப்ளோரியான்ஸ்கா தெரு 41ஆம் எண் வீட்டில் 1838இல் பிறந்த மத்தேய்கோ, 1893இல் இறந்ததும் அங்கேதான். கவசம், வாள், பழைய துணி, உடைகள் எனத் தேடித்தேடிச் சேர்த்தார். மாதிரிக்கு நிற்பவருக்கு உண்மையான பட்டாடையை உடுத்திவிட்டு, மடிப்பில் ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்து வரைவதும், கற்பனையில் வரைவதும் ஒன்றல்லவே!

1795இல் அண்டைப் பேரரசுகள் பங்குபோட்டுக்கொண்டதால், மத்தேய்கோவின் காலத்தில் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. அந்த நிலையில் ஒரு பழைய இடைக்கச்சைகூட இழந்த நாட்டின் சாட்சி. எனக்கு இதுதான் முக்கியக் காரணமாகத் தெரிகிறது. 1860இலேயே, இருபத்திரண்டு வயதில், பழைய போலந்து உடைகளைப் படத்தொகுப்பாக வெளியிட்டுவிட்டார். 1878இல் முடித்த ‘க்ருன்வால்ட் போர்’ என்ற போர்க்கள ஓவியம் ஏறத்தாழ 10 மீட்டர் அகலம். அதில் இரும்பின் கனத்தையே உணரலாம்.

ஆனாலும் அவர் வரலாற்றை நகலெடுத்தவர் அல்ல. ‘ப்ரஷ்யாவின் பணிவு’ (1882) ஓவியத்தில் அரசவை விதூஷகன் ஸ்தான்சிக்குக்குத் தன் முகத்தையே கொடுத்தார்.

அந்த வீடு இன்று அருங்காட்சியகம். கிராகோவ் போனால் அவசியம் பாருங்கள்.