இரண்டாம் துளையில் என்ன கோளாறு?

அன்புள்ள ஐயா,

பத்துத் துளை சி ஹார்மோனிகா வாங்கிச் சில மாதங்களாக வாசிக்கிறேன். சினிமாப் பாட்டு ஓரளவு வருகிறது. அமெரிக்க ஹார்மோனிகாக் கலைஞர் லிட்டில் வால்டரின் ‘ஜூக்’ கேட்டதிலிருந்து ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையில் பைத்தியம் பிடித்துவிட்டது. இணையத்தில் கிடைத்த, துளை எண்களால் எழுதிய எண் குறிப்பைப் பார்த்து வாசிக்கிறேன். பதிவோடு ஒட்டவே இல்லை. அப்புறம், இரண்டாம் துளையில் மூச்சை இழுத்தால் ஒலி அமுங்கிப்போகிறது. கருவியில் கோளாறா? சிறு வயதில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றிருக்கிறேன், அது உதவுமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

கருவியைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். புதிதாக வாசிக்கும் பலரும் இந்த இரண்டாம் துளையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றாம் துளையில் ஊதினால் வருவதும் இரண்டாம் துளையில் இழுத்தால் வருவதும் ஒரே ஸ்வரம், ஜி. இழுக்கும்போது மட்டும் அது தாழ்ந்து கேட்டால் நீங்கள் உறிஞ்சுகிறீர்கள் என்று அர்த்தம். தாடையைத் தளர்த்தி, முதல் மூன்று துளைகளையும் சேர்த்துச் சாதாரணமாக மூச்சு வாங்குங்கள். அந்த மூச்சு மாறாமல் வாயைக் குறுக்கி இரண்டாம் துளைக்கு வாருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கென்றால், ப்ளூஸுக்கு அந்தத் துளைதான் ஷட்ஜம். ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் ஹோனர் நிறுவனம் 1896-இல் ‘மரீன் பேண்ட்’ கருவியைக் கொண்டுவந்தபோது, சி கருவியில் சி சுருதிப் பாட்டை ஊதி வாசிப்பார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் கலைஞர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். சி கருவியில் ஜி சுருதியை எடுத்து, ஊதுவதைவிட இழுப்பதையே நம்பி வாசித்தார்கள். ‘கிராஸ் ஹார்ப்’ என்பது இதுதான்.

‘ஜூக்’ ஒட்டாததற்கும் காரணம் எளிது. 1952-இல் சிகாகோவில் வால்டர் அதை வாசித்தது ஏ ஹார்மோனிகாவில், ஈ சுருதியில். உங்களுடையது சி. ஏ கருவி வாங்கும்வரை ஏதாவது செயலியில் பதிவின் சுருதியை மூன்று அரைஸ்வரம் ஏற்றிவிட்டு வாசியுங்கள். ஒலி அவரைப் போல் கனமாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். மைக்கைக் கருவியோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி, ஆம்ப்ளிஃபையரைத் திணறவிட்டு அவர் வரவழைத்த ஒலி அது.

வாய்ப்பாட்டு உதவும், நன்றாகவே உதவும். ஜி-யை ஷட்ஜமமாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் துளையில் இழுத்தால் பஞ்சமம், அதை வளைத்தால், அதாவது ஸ்வரத்தைத் தாழ்த்தினால், பிரதி மத்யமம். ஐந்தில் இழுத்தால் கைசிகி நிஷாதம். மூன்றாம் துளைதான் சுரங்கம். சும்மா இழுத்தால் அந்தர காந்தாரம். அங்கிருந்து வளைத்துக்கொண்டே போனால் சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் வரை இறங்கலாம். மூச்சை இழுத்தபடியே வாய்க்குள் ‘ஈ’யிலிருந்து ‘ஊ’வுக்கு நாக்கைப் பின்னால் நகர்த்துங்கள். துளைக்குள் ஊதும்போது ஒலிக்கும் ரீடும் (உலோக நாக்கு) கூட அதிர ஆரம்பிக்கும், ஸ்வரம் இறங்கும். பலம் வேண்டாம்.

ப்ளூஸ் காந்தாரம் இந்த இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. பின்னணியில் ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) ஓடும்போது கொஞ்சம் மேலே, சி கார்டு வரும்போது நன்றாகக் கீழே, சாதாரண காந்தாரத்துக்கே. இதை எந்த எண் குறிப்பும் சொல்லாது. அதில் மூன்று என்று மட்டும்தான் இருக்கும். ஆனால் பழக்கதோஷத்தில் கமகம் போட்டு அசைத்துவிடாதீர்கள். கீழிருந்து ஒரே இழுப்பில் ஏறி நில்லுங்கள், போதும்.

என்னைக் கேட்டால் ‘ஜூக்’கைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம். முதலில் சன்னி பாய் வில்லியம்சன், அதாவது ரைஸ் மில்லர். நாலு ஸ்வரம் வாசிப்பார், நிறுத்துவார், பாடுவார். அந்த இடைவெளியில் நீங்கள் திருப்பி வாசித்துப் பார்க்கலாம். தேடும்போது கவனம், அதே பெயரில் இன்னொருவர் அவருக்கு முன்பே புகழ்பெற்றிருந்தார், 1948-இல் சிகாகோவில் கொல்லப்பட்டார். அவரும் அருமையான ஆள்தான். மில்லர் இசைத்தட்டுக்கு வாசிக்க ஆரம்பித்ததே 1951-இல். அதற்கு முந்தைய பதிவு கிடைத்தால் அது மற்றவருடையது.